ஐஸ் கம்பெனிக்கு வந்த முதல் பஸ்

போன வாரம் மருமகள் செல்போனைத் தட்டி மீன் வாங்கினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் வந்து தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். மேலே ‘இராமேஸ்வரத்து மீன்’ என்று ஒட்டியிருந்தது. ஊர்ப்பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டேன். ஒரு வாசனையும் இல்லை. மீன் பிளாஸ்டிக் உறைக்குள் நல்ல பிள்ளையாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நீலக் கூழ் அடைத்த பை ஒன்று குளிர்ந்து கிடந்தது. அதுதான் ஐஸாம். “உமி எங்கம்மா?” என்று கேட்டேன். மீனுக்கும் உமிக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் என்னைப் பார்த்தாள். கிழவருக்கு இன்றைக்கு மாத்திரை கொடுத்தோமா என்றும் யோசித்திருப்பாள்.

உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். ஐஸ் என்றால் எனக்கு நனைந்த நெல் உமி வாசனையும் சேர்ந்ததுதான். அதோடு கொஞ்சம் மீன் கவிச்சி, கொஞ்சம் டீசல் புகை, மூக்கைக் கிள்ளும் அமோனியா. இத்தனையும் கலந்த காற்றில்தான் நான் முதல் சம்பளம் வாங்கினேன். பிறகு எத்தனையோ இடத்தில் வேலை பார்த்தாயிற்று, அந்த வாசனை மட்டும் எந்த ஆபீஸிலும் கிடைக்கவில்லை.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இராமநாதபுரம் அரண்மனை வாசலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த என்னை, “கடலோரமாவது அனுப்பிப் பாப்போம், உருப்படுறானான்னு” என்று சொல்லி அய்யா கொண்டுபோய்ச் சேர்த்த இடம் அது. சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். உச்சிப்புளி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, தெற்கே கடலைப் பார்த்து மூன்று மைல் மணலில் நடந்தால் கம்பெனி வரும். நடந்தால் என்று எழுதிவிட்டேன், அந்த மணல் எங்கே நடக்க விடும்! ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கும். முதல் நாள் நான் வியர்த்து விறுவிறுத்துப் போய் நின்றதும் வாட்ச்மேன், “புதுசா?” என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “கால்ல செருப்போட வந்திருக்கீகளே. இங்கன உள்ளவுக கையில தூக்கிட்டுல்ல வருவாக” என்றார்.

கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கொட்டகை ஒன்று, நாள் முழுக்க இருமிக்கொண்டிருக்கும் டீசல் என்ஜின் ஒன்று, உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்று. அந்தத் தொட்டியில் தகர டப்பாக்களை இறக்கி, ஆள் நீளத்துக்கு ஐஸ் பார் எடுப்பார்கள். பக்கத்தில் புதிதாக இன்னொரு கொட்டகை கட்டிக்கொண்டிருந்தார்கள். இறாலை உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. அதுவரைக்கும் எங்கள் பக்கத்தில் இறாலுக்கு மரியாதையே கிடையாது. மணலில் கொட்டிக் காய வைப்பார்கள், மிஞ்சினால் தென்னைக்கு உரமாகப் போகும். அப்பேர்ப்பட்ட இறாலைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்த் தின்ன ஒரு தேசத்தில் ஆள் இருக்கிறது என்றதும் ஊரே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், எனக்குச் சம்பளம் கொடுக்கப் போவதே அந்த இறால்தான் என்பது தெரியாமல்.

என் வேலைக்கு டெஸ்பாட்ச் குமாஸ்தா என்று பெயர். ஐஸையும் மீனையும் உமி போட்டுக் கட்டி, மாட்டு வண்டியில் ஏற்றி, உச்சிப்புளிக்குக் கொண்டுபோய் ரயிலேற்ற வேண்டும். ரயிலைப் பிடித்தால் ஐஸ், விட்டால் தண்ணீர். அந்த ஊரில் எங்கள் எல்லோருடைய பிழைப்புக்கும் அந்த மூன்று மைல்தான் கழுத்து.

ஊர் என்று சொல்கிறேனே, அதற்குப் பெயரே கிடையாது. நான் போனபோது வரிசையாகச் சில ஓட்டு வீடுகள் மட்டும் இருந்தன. அடுத்த மழைக்குள் டீக்கடை வந்தது. டீக்கடை வந்த பிறகு பேப்பர் வந்தது. பேப்பர் வந்ததும் சண்டை வந்தது, சண்டை போடுகிறவர்களுக்கு முகம் வழிக்க சலூன் வந்தது. முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து மழை பொய்த்த கரிசல்காட்டு ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். கடற்கரையில் ஏற்கெனவே இருந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் எங்கள் பக்கமாக நாலு குடிசை தள்ளிப் போட்டுக்கொண்டன. வெளியூரில் யாராவது எங்கே வேலை என்று கேட்டால் “கம்பெனியில” என்போம். எந்த ஊர் என்று கேட்டாலும் “கம்பெனி” என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

புதுக் கொட்டகைக்கு மிஷின் மாட்ட ஜப்பானிலிருந்து ஒருவர் வந்திருந்தார். சின்ன உருவம், பெரிய கண்ணாடி, எதற்கெடுத்தாலும் இடுப்பை மடித்து ஒரு வணக்கம். அவருடைய பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, அதனால் ஜப்பான்காரர் என்றே கூப்பிட்டோம். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. இருந்தாலும் சாயங்கால டீ நேரத்தில் பேச்சு ஓடும். ஒரு நாள் அவர் தன் ஊரைப் பற்றிச் சொன்னார். குச்சியை எடுத்து மணலில் ஒரு சதுரம் போட்டு, “கம்பெனி” என்றார். அதை ஒட்டி ஒரு கோடு இழுத்து, “ரயில்” என்றார். அப்புறம் கோட்டின் இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டே போனார். வீடு, கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. காலையில் ரயில் வந்து நின்றால் ஸ்டேஷனிலிருந்து கம்பெனி வாசல்வரை தலையாகத்தான் தெரியுமாம். கடைசியில் ஊரின் பழைய பெயரை எடுத்துவிட்டுக் கம்பெனிப் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார்களாம். நாங்கள் வாயைப் பிளந்தோம். நாங்கள் பெயர் இல்லாமல் செய்ததை அவர்கள் பெயர் வைத்துச் செய்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை.

கூட்டத்தில் ஒருவன் மட்டும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் என்ஜினைக் கழற்றி மாட்டும் பிட்டர் கருப்பையா. முதுகுளத்தூரை அடுத்த கிராமத்துக்காரன், என் அறைத்தோழன். “ஏலே, சதுரம் நம்மகிட்டயும் இருக்கு. கோடுதான இல்ல” என்றான். அவன் குரலில் இருந்த ஏக்கம் ரயிலுக்கானது இல்லை, பஞ்சவர்ணத்துக்கானது.

பஞ்சவர்ணம் அவனுடைய தாய்மாமன் மகள், முறைப்பெண். சின்ன வயதிலிருந்தே இவனுக்குத்தான் அவள் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. இவன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும் மாமா வேலுச்சாமி பேச்சை நிறுத்திவிட்டார். “பஸ்ஸு போகாத ஊருக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன்” என்று ஒரே பிடி. வீம்பு என்று சொல்லிவிட முடியாது. அவருடைய கடைசித் தங்கையை வண்டிப் பாதைகூட ஒழுங்காக இல்லாத கிராமம் ஒன்றில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிரசவத்தில் மோசம் என்று ஆள் வந்து சொல்லி, இவர் வண்டி கட்டிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “எம் பொண்ணு காலையில கூப்புட்டா நான் மத்தியானம் போயி நிக்கணும். நிக்க முடியிற ஊராப் பாத்துத்தான் குடுப்பேன்” என்பார். இதற்கிடையில் முதுகுளத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்கு நேர் பின்னால் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் பெண் கேட்டிருந்தது. அடுத்த புதன்கிழமை பாக்கு வெற்றிலை மாற்ற வருகிறார்கள் என்று சேதி வந்தபோது கருப்பையா இரண்டு வேளை சாப்பிடவில்லை. அவன் சாப்பிடாமல் இருந்தால் நிலைமை எவ்வளவு மோசம் என்று மெஸ்ஸில் கேட்டால் சொல்வார்கள்.

நல்ல வேளையாக அதே சமயத்தில்தான் கம்பெனி ரோடு போட்டு முடித்திருந்தது. கண்மாயிலிருந்து களிமண் அள்ளி வந்து மணலின்மேல் பரப்பி இறுக்கியிருந்தார்கள். எங்கள் மானேஜர் இராமநாதபுரத்து பஸ் முதலாளி ஒருவரைப் பார்த்துப் பேசி, “வர்ற ஞாயித்துக்கிழமை வெள்ளோட்டம் விட்டுப் பாப்போம். வண்டி ஒழுங்காப் போயி வந்தா தெனம் ரெண்டு நடை” என்று சம்மதம் வாங்கி வந்தார். கருப்பையா அன்று இரவே ஊருக்குப் போய் மாமாவின் காலைப் பிடித்தான். “பஸ்ஸிலயே வந்து எறங்குங்க மாமா. எறங்கிப் பாத்துட்டு அப்பறம் பேசுங்க.” மாமாவும் சரி என்றுவிட்டார். ஆக, ஊருக்கு வெள்ளோட்டமும் கருப்பையாவுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கும் சடங்கும் ஒரே பஸ்ஸில் வருவதாக ஏற்பாடாயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கெட்ட யோசனைகள் எல்லாம் நல்ல மனசிலிருந்துதான் வருகின்றன. “மாமா வெள்ள வேட்டியில வருவாரு. புது ரோட்டுல புழுதி பறந்தா என்ன நெனைப்பாக? வாசத் தெளிக்கிற மாதிரி தெளிச்சிருவோம்” என்றான். எங்கள் குடியிருப்பில் இருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் கரிசல்காட்டு ஆட்கள். விருந்தாளி வருகிறார் என்றால் வாசல் தெளிக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு இரண்டாம் பேச்சு இல்லை. பெண்கள் குடத்தோடு கிளம்பினார்கள். ஐஸ் தொட்டி கழுவும் தண்ணீர் குளுகுளு என்று ஓடிக்கொண்டிருந்தது. அதையே அள்ளி அள்ளித் தெளித்தார்கள். தெளித்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது, கவிழ்த்தார்கள். விடியற்காலையில் கம்பெனி வாசலிலிருந்து கூப்பிடு தூரத்துக்குக் கோலம் வேறு. மாவை இடித்த கைகளைப் பார்த்தால் யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. களிமண்ணுக்குக் கீழே இருப்பது மணல் என்பதை அவர்கள் ஒருவருமே நினைக்கவில்லை.

பஸ் வந்தது. முகப்பில் இரண்டு வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், கண்ணாடிக்கு மேலே பெரிய சந்தனப் பொட்டு. ஹாரன் சத்தம் கேட்டதும் சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஓடினார்கள். முன் ஸீட்டில் மாமா வேலுச்சாமி, பக்கத்தில் அவர் மனைவி, பின்னால் பங்காளிகள் இரண்டு பேர். மாமாவின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வருவதை நான் கண்ணால் பார்த்தேன். கருப்பையா என் கையை நசுக்கினான். கோலத்தின் முதல் புள்ளியில் சக்கரம் ஏறியது. நாலாவது புள்ளியில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு பெருமூச்சு விட்டு, உட்கார்ந்துவிட்டது.

டிரைவர் வேகமாக மிதித்தார். களிமண் வாரி அடித்தது, எனக்கும் முகத்தில் ஒரு பங்கு வந்தது. இன்னும் மிதித்தார். இரண்டு சக்கரமும் களிமண்ணைக் கிழித்துக்கொண்டு மணலுக்குள் இறங்கி, வண்டியின் வயிறு தரையைத் தொட்டுவிட்டது. கம்பெனி வாசல் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. மாமா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார், அப்புறம் கருப்பையாவைப் பார்த்தார். “ஆக, பஸ்ஸு வராத ஊருதான மாப்ளே” என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அந்த நேரத்தில்தான் மாதா கோயில் பூசை முடிந்து மீனவர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையாதலால் யாரும் கடலுக்குப் போகவில்லை. ஆண்கள் சலவைச் சட்டையிலும் பெண்கள் தலையில் முக்காட்டோடும் கூட்டமாக வந்து நின்றார்கள். முன்னால் வந்தவர் சந்தியாகு. கம்பெனிக்கு அதிகமாக மீன் போடும் வள்ளம் அவருடையதுதான். அவர் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கரையேற வேண்டிய வள்ளத்தைப் பார்க்கிற அதே பார்வை. “என்னலே பாத்துக்கிட்டு நிக்கிறிய? சக்கரம் வச்ச வள்ளந்தான இது. பனஞ்சட்டத்த எடுத்துட்டு வாங்கலே, வடத்தயும் எடு” என்றார்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளம் ஏற்றும்போதோ கரைவலை இழுக்கும்போதோ அங்கே நிற்கிற யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. வழிப்போக்கனானாலும் கயிற்றைப் பிடிக்க வேண்டும். பிடித்தவனுக்கு மீனில் பங்கு உண்டு. நான் வந்த புதிதில் கடலை வேடிக்கை பார்க்கப் போய், தெரியாமல் கயிற்றில் மாட்டி, உள்ளங்கையெல்லாம் உரிந்து, இரண்டு நகரை மீன் வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பியிருக்கிறேன். அதனால் சந்தியாகு பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்து, “பெரியவரே, எறங்குங்க. வள்ளம் ஏறயில யாரும் உள்ள குந்தி இருக்கப்படாது. வந்து கயித்தப் புடிங்க” என்று சொன்னதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மாமாவுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்த சம்பந்தியை இறங்கி இழு என்கிறார்கள். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, திகைப்பா என்று தெரியவில்லை.

மாமா இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். சக்கரத்துக்கு அடியில் பனஞ்சட்டங்களைச் செருகி, முன் அச்சில் வடத்தைக் கட்டியாயிற்று. ஒரு பக்கம் கடற்கரை, இன்னொரு பக்கம் கரிசல்காடு, நடுவில் நான், மானேஜர், சலூன்காரர். கடைசியாக ஜப்பான்காரரும் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு ஓடி வந்து சேர்ந்துகொண்டார். சந்தியாகு குரல் கொடுத்தார். எல்லோரும் “ஐலசா” என்று இழுத்தால் ஜப்பான்காரர் மட்டும் “யோய்ஷோ” என்றார். அவர் ஊரில் அப்படித்தானாம். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பாதிக் கூட்டம் ஐலசா, பாதிக் கூட்டம் யோய்ஷோ. பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி எழுந்து, சட்டத்தின்மேல் ஏறி, கோலத்தையெல்லாம் அழித்துக்கொண்டு கம்பெனி வாசலில் போய் நின்றது. மாமாவின் வெள்ளை வேட்டி எந்த நிறத்தில் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புழுதிதான் பறக்கவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமா கை கால் கழுவினார், சாப்பிட்டார், வீட்டைப் பார்த்தார். கிளம்பும்போது, “ஊருக்குப் போயிச் சொல்லி விடுறேன்” என்றார். எங்கள் பக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். இல்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்லாமல் பஸ் ஏறுவதற்கான வார்த்தை அது. டிரைவர் வேறு, “ரோடு காயட்டும், முதலாளிகிட்டச் சொல்லுதேன்” என்று அதே வார்த்தையைத் தன் பாணியில் சொன்னார். பஸ் மறைகிறவரை கருப்பையா நின்றான். அப்புறம் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். நல்ல மனிதன் ஒருவன் அப்படிப் படுத்திருப்பதைப் பார்ப்பது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் சந்தியாகு என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கையில் ஓலைக்கொட்டான் நிறைய மீன். பாறையும் விளைமீனும், இன்னும் வால் அடங்காதவை. “ரைட்டர் தம்பி, இது அந்தப் பெரியவரு பங்கு” என்றார். எந்தப் பெரியவர் என்று கேட்டேன். “நேத்துக் கயிறு புடிச்சாருல்ல. நேத்து மீன்பாடு இல்ல, இன்னைக்கு இருக்கு. புடிச்சவன் பங்கு கரையில தங்குனா வலைக்கு ஆகாது. அனுப்பிருங்க.” முதுகுளத்தூர் எங்கே இருக்கிறது, இந்த மீன் எப்படிப் போகும் என்று நான் இழுத்தேன். “அதுக்குத்தான ஐஸ் கம்பெனி வச்சிருக்கிய” என்றார் அவர். நான் அங்கே உத்தியோகம் பார்க்கிறேன் என்பது அவர் சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

என் வாழ்நாளில் அவ்வளவு அக்கறையாக ஒரு பெட்டி கட்டியதில்லை. அடியில் உமி, அதன்மேல் ஐஸ், ஐஸின்மேல் மீன், மறுபடி ஐஸ், மறுபடி உமி, சுற்றிலும் நனைத்த சாக்கு. மானேஜரிடம் அரை நாள் லீவு கேட்டேன். காரணம் கேட்டார், சொன்னேன். “முழு நாள் எடுத்துக்க” என்றார். வண்டிக்காரர் மாட்டை அன்று நடக்க விடவில்லை, ஓட்டினார். உச்சிப்புளியில் ரயில் வந்து நிற்கவும் நாங்கள் பெட்டியைத் தூக்கவும் சரியாக இருந்தது. இராமநாதபுரத்தில் இறங்கி முதுகுளத்தூர் பஸ். கண்டக்டர் முதலில் ஏற்ற மாட்டேன் என்றார். கலியாண விஷயம் என்று சொன்னதும், “அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?” என்று தானே தூக்கி வைத்தார். ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாவின் காலடியில் பெட்டி சொட்டியது. “என்னப்பா இது, சில்லுன்னு இருக்கு” என்றவர், விஷயம் தெரிந்ததும் இரண்டு காலையும் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டு ஊர் வரும்வரை எடுக்கவில்லை. முதுகுளத்தூரிலிருந்து வாடகைச் சைக்கிள். எனக்குச் சைக்கிள் அவ்வளவாக வராது. பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு பெரும்பாலும் தள்ளிக்கொண்டேதான் போனேன்.

உச்சி வெயில். களம் முழுக்க மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது, தும்மிக்கொண்டே போய் மாமா வீட்டு வாசலில் பெட்டியை இறக்கினேன். “கயிறு புடிச்ச பங்கு, சந்தியாகு குடுத்து விட்டாரு” என்றேன். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சாக்கைப் பிரித்து உமியை விலக்கினேன். வெள்ளையாக ஐஸ் இருந்தது! கரைந்து சிறுத்திருந்தாலும் கட்டி கட்டியாக இருந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது. கருவாடு தவிர வேறு கடல்மீன் பார்த்திராத ஊர், ஐஸையும் பார்த்திராத ஊர். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் கட்டியை எடுத்துச் சொத்தைப் பல்லில் வைத்துக்கொண்டு நகர மறுத்தார். ஒரு பயல் நக்கிப் பார்த்துவிட்டு, சுடுகிறது என்று அழுதான்.

உள்ளேயிருந்து பஞ்சவர்ணம் வந்தாள். அன்றுதான் நான் அவளை முதல்முதலாகப் பார்க்கிறேன். ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். அது கரைந்து முழங்கைவரை ஓடியது. “அண்ணே, அங்கன இது தெனமும் இருக்குமா?” என்று என்னைத்தான் கேட்டாள், ஆனால் பார்த்தது அவள் அய்யாவை. “தெனமும் இருக்கும், கருப்பையாதான் மிஷினு ஓட்டுறாரு” என்றேன். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், பரவாயில்லை.

மாமா குனிந்து ஒரு பாறை மீனைத் தூக்கிச் செவுளை விரித்துப் பார்த்தார். சிவப்பாக இருந்தது. “இது எப்பப் புடிச்சது தம்பி?” என்று கேட்டார். “விடியக்காலையில” என்றேன். அவர் சூரியனை அண்ணாந்து பார்த்தார், மீனைப் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார். “காலையில கடல்ல கெடந்த மீனு மத்தியானம் எவ் வாசல்ல கெடக்கு. அப்பறம் அது என்ன தூரத்து ஊரு? பங்கும் வாங்கியாச்சு. புதன்கெழம வாரவுகள வர வேண்டாம்னு சொல்லி விட்டுரு” என்றார். சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிளகாய் நெடி என்று சமாளித்தார். நானும் மிளகாய் நெடிக்குத்தான் அழுதேன்.

அன்று அந்த வீட்டில் நான் சாப்பிட்ட மீன்குழம்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், விட்டுவிடுகிறேன். தை மாதம் கலியாணம் நடந்தது. அதற்குள் ரோடு காய்ந்து இறுகி, பஸ் தினம் இரண்டு நடை வரத் தொடங்கியிருந்தது. உச்சிப்புளியில் கண்டக்டர் “கம்பெனி, கம்பெனி” என்று கத்தும்போதெல்லாம் எனக்கு ஜப்பான்காரரின் குச்சி ஞாபகத்துக்கு வரும். அவர் ஊருக்குத் திரும்பியபோது பிள்ளைகள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே யோய்ஷோ என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். எங்கள் கோட்டின் இரண்டு பக்கமும் புள்ளிகள் கூடின. ஆரம்பப் பள்ளிக்கூடம் வந்தது, தையல்கடை வந்தது, தபால்பெட்டி வந்தது. கருப்பையா வீட்டில் ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும் வந்தார்கள். மாமா நினைத்தபோதெல்லாம் பஸ் ஏறி வந்து, கரையில் போய்க் கயிறு பிடித்து, பங்கு வாங்கிக்கொண்டு போவார்.

அறுபத்து நாலாம் வருஷப் புயல் கொட்டகையின் தகரத்தைக் கொண்டுபோனது. ரயில் பாதையும் பல இடத்தில் கெட்டுப்போய்க் கிடந்தது. கம்பெனி முதலாளி மிஷின்களைக் கழற்றித் தூத்துக்குடிப் பக்கம் கொண்டுபோய்விட்டார். ஏற்ற ஆள் இல்லாமல் பஸ் நின்றது. கருப்பையா மதுரையில் மில் ஒன்றில் சேர்ந்தான், நான் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனேன். ஊர் வளர எடுத்துக்கொண்ட காலத்தைவிடக் கலைய எடுத்துக்கொண்ட காலம் ரொம்பக் குறைவு.

போன மாசிமாதம் பஞ்சவர்ணம், “ஒருக்கா அந்த இடத்தப் பாத்துட்டு வந்துருவோம்ணே” என்றாள். வயதான மூன்று பேரும் ஒரு வாடகைக் காரில் கிளம்பினோம். இப்போது அங்கே தார்ரோடே இருக்கிறது. ஆனால் போய்ச் சேர ஊர் இல்லை. தொட்டி கட்டிய அடித்தளம் கொஞ்சம் மணலுக்கு மேலே தெரிந்தது, அதையும் கருப்பையா சொல்லித்தான் கண்டுபிடித்தோம். சந்தியாகு காலமாகி எவ்வளவோ வருஷம். அவர் பேரப்பிள்ளைகள் எல்லாம் ஊர் ஊராகப் போய்விட்டார்கள். காரைத் திருப்பும்போது டிரைவர் கொஞ்சம் ஓரம் இறக்கிவிட, பின் சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. கடலைப் படமெடுக்க வந்திருந்த பிள்ளைகள் திரும்பி எங்களையும் இரண்டு படம் எடுத்தார்கள். டிரைவர் போன் போட்டு இராமநாதபுரத்திலிருந்து கிரேன் வரவழைத்தார்.

கிரேன்காரர் கெட்டிக்காரர். இறங்கி, கொக்கியை மாட்டினார். கருப்பையா பழக்கதோஷத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் பக்கவாட்டில் போய் நின்றான், நானும் போனேன். கிரேன்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “பெரியவங்க எல்லாம் தள்ளி நில்லுங்க. யாரும் கை வைக்கக் கூடாது” என்று சத்தம் போட்டார். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தள்ளி வந்து நின்றோம். பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு என் காதோரம் வந்து சொன்னாள்: “நல்லவேளண்ணே, அன்னைக்கு இந்தாளு வரல. வந்திருந்தா எனக்குக் கலியாணமே நடந்திருக்காது.”